இரட்டைக் கோபுரத்துக்கு நடுவே

கோலாலம்பூரில் மாமா குடியிருப்பது பிரிக்ஃபீல்ட்ஸில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியில். அந்த வீட்டின் சமையலறைச் சன்னலைத் திறந்தால், பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் மேற்பகுதி தெரியும். பல ஆண்டுகளாகக் காலையில் தேநீர் ஆற்றும்போதெல்லாம் அதைப் பார்த்துவரும் மாமா, ஒரு முறைகூட அதன் மேலே ஏறியதில்லை. "ஊர்லேருந்து வர்றவங்களக் கூட்டிட்டுப் போயி கீழே நிக்க வெச்சுப் படம் எடுத்துக் குடுப்பேன். மேலே போகணும்னு தோணுனதே இல்லப்பா" என்றார். இந்த முறை அவரையும் அழைத்துக்கொண்டுதான் ஏறுவது என்று முடிவு செய்தேன்.

நாங்கள் முதலில் போனது ஒரு திங்கட்கிழமை. அன்று பார்வையாளர்களை மேலே விடுவதில்லை என்பதை நான் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். கைப்பேசியிலேயே மறுநாளுக்கு நுழைவுச்சீட்டு எடுத்துவிட்டு, அன்றைய மாலையைக் கோபுரத்தின் அடியிலேயே கழித்தோம். அது நல்லதாகவே அமைந்தது. நேராக மேலே போயிருந்தால் இந்தக் கட்டடத்தைப் பாதிகூடப் புரிந்துகொண்டிருக்க மாட்டேன்.

இன்று கோபுரங்கள் நிற்கும் நிலம் ஆங்கிலேயர் காலத்துக் குதிரைப் பந்தயத் திடல். திடல் நகருக்கு வெளியே மாற்றப்பட்ட பின்பு, அந்த இடத்தில் ஒரு புதிய நகர மையத்தை உருவாக்கும் திட்டம் எழுந்தது. 2020க்குள் மலேசியாவை வளர்ந்த நாடாக்குவது என்ற இலக்கைப் பிரதமர் மகாதீர் முகமது 1991இல் அறிவித்திருந்தார். தேசிய எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸின் தலைமையகம் அந்த இலக்கின் கண்கண்ட அடையாளமாக இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். வடிவமைப்புக்கான போட்டியில் வென்றவர் அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் சீசர் பெல்லி. நியூயார்க்கிலும் சிகாகோவிலும் நிற்பதைப் போன்ற இன்னொரு கண்ணாடிப் பெட்டி அங்கே தேவைப்படவில்லை. பார்த்தவுடன் இது மலேசியாவினுடையது என்று சொல்லும்படி இருக்க வேண்டும் என்பதே அவர் முன் வைக்கப்பட்ட கேள்வி.

அதற்குப் பெல்லி கண்ட விடையைத் தரையில்தான் தேட வேண்டும். ஒரு சதுரத்தின் மீது அதே அளவுள்ள இன்னொரு சதுரத்தைச் சாய்த்து வைத்தால் எட்டு முனை நட்சத்திரம் ஒன்று கிடைக்கிறது. இஸ்லாமியக் கலை மரபில் நூற்றாண்டுகளாகப் பயின்றுவரும் வடிவம் அது. அதன் உட்குழிவுகளில் எட்டு அரைவட்டங்களைச் சேர்த்து, அந்தக் கோலத்தையே ஒவ்வொரு தளத்தின் வரைபடமாகவும் ஆக்கிவிட்டார். நம் வீட்டு வாசல்களிலும் பூசையறைகளிலும் இதே இரு சதுர நட்சத்திரத்தைக் கோலமாகப் போட்டுப் பழகிய கண்ணுக்கு, முனையும் வளைவும் மாறி மாறி வரும் அந்தச் சுவர், வேற்று மண்ணில் எதிர்ப்பட்ட தெரிந்த முகம்போல இருந்தது. கீழ்த்தளக் கூடத்தின் அலங்காரத்தில் மலாய்க்காரர்களின் சொங்கெட் சரிகை நெசவும் மரச் செதுக்கு வேலையும் எடுத்தாளப்பட்டிருக்கின்றன. மரபின் சாயலை முகப்பில் மட்டும் ஒட்டவைத்த கட்டடங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே மரபு கட்டடத்தின் எலும்புக்குள் போயிருக்கிறது. முஸ்லிம் சமூகங்களின் சிறந்த கட்டடங்களுக்குத் தரப்படும் ஆகா கான் கட்டடக்கலை விருது 2004இல் இதற்குக் கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

தமிழில் நாம் இதைக் கோபுரம் என்று சொல்வதும் எவ்வளவு பொருத்தம்! அகன்ற அடியிலிருந்து எழுந்து, மேலே போகப் போகப் படிப்படியாக உள்வாங்கி, உச்சியில் கூர்ந்து முடியும் உருவம் அது. மலாயில் இதன் பெயர் 'மெனாரா பெர்கெம்பார்'. மெனாரா என்பது பள்ளிவாசல் மினாராவைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது. காலடியில் இருக்கும் பேரங்காடியின் பெயரான 'சூரியா'வோ வடமொழியிலிருந்து மலாய்க்குப் போன பழைய சொல். ஒரே வளாகத்தின் பெயர்ப் பலகைகளிலேயே அந்த நாட்டின் நெடிய கடல்வழி உறவுகள் எழுதப்பட்டிருக்கின்றன.

அன்று மாலை பூங்காவில் அமர்ந்திருந்தபோது கட்டுமான நாட்களைப் பற்றி மாமா பேசினார். அவருடைய தந்தை ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். மாமா நகரத்துக்கு வந்து அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தார். பேருந்தில் போகும்போதெல்லாம் எத்தனை மாடி எழுந்திருக்கிறது என்று எண்ணுவாராம். "ஜப்பான்காரன் ஒரு பக்கம், கொரியாக்காரன் இன்னொரு பக்கம். யாரு முந்துறாங்கன்னு எங்களுக்குள்ள பந்தயம் கட்டுவோம்" என்றார். அது உண்மைதான்: முதல் கோபுரம் ஜப்பானிய நிறுவனத்தின் தலைமையிலும் இரண்டாவது கொரிய நிறுவனங்களின் தலைமையிலும் தனித்தனியாகக் கட்டப்பட்டன. சுண்ணாம்புப் பாறை ஓரிடத்தில் ஆழத்திலும் மற்றோரிடத்தில் மேலாகவும் இருந்ததால், கோபுரங்களின் இடத்தையே சுமார் 60 மீட்டர் நகர்த்தி, 100 மீட்டருக்கும் அதிகமான ஆழம்வரை அடித்தூண்களை இறக்க நேர்ந்தது. உருக்கை இறக்குமதி செய்வது பெருஞ்செலவு என்பதால், உள்ளூர்க்காரர்களுக்குக் கைவந்த கான்கிரீட்டையே உயர் வலிமையுடன் தயாரித்துப் பயன்படுத்தினார்கள். 452 மீட்டர் உயரமும் 88 தளங்களும் கொண்ட இரட்டைக் கோபுரம், 2004இல் தைவானின் தாய்பேய் 101 முந்தும்வரை உலகிலேயே உயரமான கட்டடமாக இருந்தது.

மறுநாள் மேலே ஏறினோம். முதலில் நிறுத்துவது 41ஆவது தளத்தில், இரண்டு கோபுரங்களையும் இணைக்கும் வான்பாலத்தில். தரையிலிருந்து 170 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த 58 மீட்டர் நீளப் பாலம் இரண்டு பக்கமும் இறுகப் பூட்டப்படவில்லை. காற்றில் கோபுரங்கள் ஒன்றைவிட்டு ஒன்று சற்று விலகியும் நெருங்கியும் அசையும். அதற்கு இடம் கொடுத்து, பாலத்தின் முனைகள் நகரும்படி அமைத்திருக்கிறார்கள். 29ஆவது தளத்திலிருந்து சாய்ந்து எழும் இரண்டு கால்கள் அதன் நடுப்பகுதியைத் தாங்குகின்றன. கோபுரங்களைவிட அவற்றுக்கு நடுவே உள்ள வெளியையே தன் வடிவமைப்பின் உயிராகப் பெல்லி கருதினார். இரு தூண்களும் குறுக்கே ஒரு பாலமும் சேர்ந்து, வானத்துக்கு வைத்த வாசலாகின்றன. வெளியிலிருந்து பார்க்கும்போது அது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை. பாலத்தின் நடுவில் நின்று ஒரு பக்கம் பூங்காவையும் மறுபக்கம் நகரத்தையும் பார்த்தபோதுதான், ஒரு வாசலின் மேல்நிலைக்குள் நிற்கிறேன் என்று உணர்ந்தேன்.

86ஆவது தளத்துக்குப் போக 83இல் இறங்கி வேறு மின்தூக்கிக்கு மாற வேண்டும். அங்கே சன்னலுக்கு மிக அருகில் மற்றொரு கோபுரத்தின் உச்சி நிற்கிறது. வெயிலைத் தடுக்கும் துருப்பிடிக்காத உருக்கு வளையங்கள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிகின்றன. தொலைவில் மெர்டேக்கா 118 தெரிந்தது. 1957இல் நாட்டின் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் கையை உயர்த்தி விடுதலையை முழங்கிய காட்சியை உருவகித்து எழுப்பப்பட்ட அந்தக் கட்டடம் இதைவிடவும் மிக உயரமானது.

மாமா அதையெல்லாம் பார்க்கவில்லை. தென்மேற்குச் சன்னலில் நின்று, சென்ட்ரல் நிலையத்தை நோக்கி வளையும் தண்டவாளங்களைக் கண்ணால் தொடர்ந்துகொண்டிருந்தார். வெகுநேரம் தேடிவிட்டு, "அதோ, அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல" என்று கண்ணாடியில் விரலை வைத்தார். பிறகு கைப்பேசியை எடுத்து அத்தையை அழைத்தார். "சமையக்கட்டுச் சன்னல்கிட்ட வா. தெரியுதா கோபுரம்? அதுலதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கையை உயர்த்தி அசைத்தார். அத்தையும் அங்கிருந்து கையசைப்பதாக அவர் எனக்குச் சொன்னார்.