காம்பவுண்டு ஓரம் ஆவாரை

ரோஜாவோ குரோட்டன்ஸோ இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் வீட்டு முன்னால் ஆவாரை நிற்கிறது. பல்லடம் பக்கம் இது ரோட்டோரத்திலும், மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டிலும் தானாக முளைத்துக் கிடக்கிற செடி. "இத்தன காசு போட்டு ஊடு கட்டிப்போட்டு, காட்டுச்செடிய கொண்டாந்து வெச்சிருக்கியே கண்ணு" என்று எதிர்வீட்டு ஆத்தாவுக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் போகியன்று காப்புக் கட்ட, பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் சேர்க்க இங்கேதான் கொத்து ஒடிக்க வருவார்.

அழகுக்கு என்ன குறைச்சல்? மழை ஓய்ந்ததும் செடி முழுக்க மஞ்சள். வேர் பிடித்த பிறகு தண்ணீர்கூடக் கேட்பதில்லை. காலையில் கருவண்டு வருகிற நேரம்தான் எனக்குப் பிடித்தது. ஆவாரையின் மகரந்தப்பை மற்ற பூக்களில்போல நீளவாக்கில் பிளந்துகொள்ளாது, நுனியில் சின்னத் துளைதான். வண்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். துளை வழியே மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். பறந்து வரும்போது இருந்த ரீங்காரம் பூவில் உட்கார்ந்ததும் ஒரு கட்டை ஏறிவிடும், காது கொடுத்தால் தெரியும்.

இதன் பட்டையில் துவர்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் பதனிடும் ஷாப்புகள் ஆவாரம்பட்டையை நம்பித்தான் ஓடின. தென்னாப்பிரிக்காவிலிருந்து 'வாட்டில்' என்கிற மரத்தின் பட்டை இறங்கியதும் இதன் மவுசு போய்விட்டது.

மருந்து விஷயத்துக்கு வருகிறேன். பூவை நிழலில் உலர்த்திக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், பாசிப்பயறோடு அரைத்துத் தேய்த்துக் குளிக்கிறோம். ஆனால் 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று பாக்கெட்டில் அச்சடித்து, சர்க்கரையே ஓடிப்போகும் என்று விற்கிறார்களே, அங்கேதான் எரிச்சல் வருகிறது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை குறைந்தது உண்மைதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதா? மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டே குடியுங்கள், இரண்டும் சேர்ந்து சர்க்கரை ரொம்ப இறங்கிவிடக்கூடும்.

வளர்க்க ஆசையா? ரோட்டோரத்துப் பெரிய செடியைப் பிடுங்கி வராதீர்கள், ஆணிவேர் அறுந்து பட்டுப்போகும். காய்ந்த நெற்றை உடைத்து விதை எடுங்கள். தோல் கெட்டி என்பதால் சுடுதண்ணீரில் போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு ஊன்றுங்கள். இலையைப் பச்சைப்புழு கடித்தால் மருந்தடிக்க வேண்டாம், வெள்ளைப் பட்டாம்பூச்சியின் பிள்ளைகளாகத்தான் இருக்கும். செடி தாங்கிக்கொள்ளும்.