பள்ளிக்குப் போகாத அண்ணன்

1975 ஜனவரியில் வெளிவந்த யஷ் சோப்ராவின் ‘தீவார்’ படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பாலத்தடியில் அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பங்களா, கார், வங்கியில் பணம் என்று அண்ணன் அடுக்கிக்கொண்டே போக, தம்பி ‘என்னிடம் அம்மா இருக்கிறாள்’ என்று ஒரே வரியில் அவனை வாயடைக்கச் செய்யும் அந்தக் காட்சி, இந்தி தெரியாதவர்களுக்கும் தெரிந்த காட்சி. ஆனால் இந்தப் படத்தின் உண்மையான திருப்பம் அதற்கு வெகு முன்னால், இருவரும் சிறுவர்களாக இருக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது என்று நான் நினைக்கிறேன். கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமக்கும் தாயின் கூலியில் இரண்டு பிள்ளைகளையும் படிக்கவைக்க முடியாது. பெரியவன் விஜய் தானும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். சின்னவன் ரவி பள்ளிக்குப் போகிறான். அதன் பிறகு அந்தக் குடும்பத்தில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் வேர் இந்த முடிவில்தான் இருக்கிறது.

ஒருவன் கடத்தல்காரன், மற்றவன் காவல்துறை அதிகாரி என்று கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லும்போது, ஒருவன் பிறவியிலேயே முரடன், இன்னொருவன் பிறவியிலேயே நல்லவன் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. சலீம்–ஜாவேத் எழுதிய திரைக்கதை அந்த எண்ணத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஒரே தாய், ஒரே தகப்பன், படுத்துறங்க ஒரே பாலத்தடி. வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை அவர்கள் படிப்படியாகக் காட்டுகிறார்கள். அதில் முதல் படி தகப்பனின் கையெழுத்து.

தகப்பன் ஆனந்த் பாபு தொழிலாளர்களின் தலைவர். அவருடைய பேச்சுக்குத் தொழிலாளர்கள் கட்டுப்படுகிறார்கள். முதலாளியின் ஆட்கள் அவருடைய மனைவியையும் பிள்ளைகளையும் பிடித்து வைத்துக்கொண்டு, தொழிலாளர்களுக்கு எதிரான ஒப்பந்தத்தில் அவரைக் கையெழுத்துப் போடவைக்கிறார்கள். ஏன் போட்டார் என்பது எவருக்கும் தெரியாது. போட்டார் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். அவமானம் தாங்காமல் அவர் வீட்டை விட்டுப் போய்விடுகிறார். கோபத்தைக் காட்ட அவர் கிடைக்காததால், சில பேர் பெரிய பையனைப் பிடித்து, ‘என் அப்பன் திருடன்’ என்று அவன் கையில் பச்சை குத்தி விடுகிறார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் அப்பா ஒருவர்தான். எழுத்து மட்டும் மூத்தவன் கையில். இளையவன் அந்த வயதில் தப்பித்துவிட்டான் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

பம்பாய்க்கு வந்த பிறகு நடப்பதும் இதே கணக்கில்தான் போகிறது. தம்பி பாடம் படிக்கும் நேரத்தில் அண்ணன் தெருவோரம் உட்கார்ந்து செருப்புக்குப் பாலிஷ் போடுகிறான். ஒருவர் காசைத் தரையில் வீசும்போது, தான் பிச்சை எடுக்கவில்லை, வேலை செய்தேன், கையில் எடுத்துக் கொடுங்கள் என்கிறான். அந்தச் சிறுவனாக நடித்த மாஸ்டர் அலங்காரின் முகத்தில் கோபம் மட்டும் இல்லை. பெரியவர்களுக்குரிய ஒரு நிதானமும் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு அந்த நிதானம் சீக்கிரமே வந்துவிடும். கோயிலுக்குத் தாயும் தம்பியும் உள்ளே போக, அவன் வெளியே படியிலேயே இருந்துவிடுகிறான். வளர்ந்த பிறகும் அப்படித்தான்.

இந்தக் காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியப்பாவின் நினைவு வரும். தாத்தா காலமானபோது அவர் எட்டாம் வகுப்பு. படிப்பை நிறுத்திவிட்டு ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனார். தம்பியான என் அப்பா படித்து அரசு வேலைக்கு வந்தார். பெரியப்பா வீட்டுக்கு வந்தால், எந்த வேலையில் இருந்தாலும் ‘வாங்கண்ணே’ என்று சொல்லி அப்பா எழுந்து நிற்பார். அவர் உட்கார்ந்த பிறகே தாம் உட்காருவார். எங்கள் குடும்பத்தில் அந்தக் கதை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மூத்த பிள்ளை பட்டறைக்கும் தறிக்கும் கடைக்கும் போனதால் அடுத்த பிள்ளை கல்லூரி வாசலை மிதித்திருக்கிறது. படித்த பிள்ளையின் நேர்மையையும் நாகரிகத்தையும் ஊர் பாராட்டும்போது, அந்த நேர்மைக்கான செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. ‘தீவார்’ அந்தக் கேள்வியைக் கேட்ட படம். அதனால்தான் அது எனக்கு அடிதடிப் படமாகத் தெரியாமல் குடும்பப் படமாகத் தெரிகிறது.

வளர்ந்த விஜய்யாக அமிதாப் பச்சன் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார். வாரக்கூலியில் மாமூல் பிடுங்கும் ரவுடிகளுக்குப் பணம் தர மறுத்த ஒரு கூலி இறந்துபோகிறான். இருபத்தைந்து ஆண்டுகளாகத் துறைமுகத்தில் எதுவும் மாறவில்லை என்று வருந்தும் ரஹீம் சாச்சாவிடம், இத்தனை ஆண்டுகள் நடக்காதது அடுத்த வாரம் நடக்கும், இன்னொரு கூலி பணம் தர மறுப்பான் என்று விஜய் சொல்கிறான். தகப்பனிடமிருந்து அவனுக்கு வந்த குணம் இது. அநியாயத்தை எதிர்க்கும் தொழிலாளர் தலைவனின் ரத்தம் கடத்தல்காரனாகப் போகும் மகனிடம்தான் ஓடுகிறது. சட்டத்தைக் காக்கப் போகும் மகனுக்கு வந்திருப்பது தாயின் பொறுமை. தகப்பனை வெறுப்பவனே தகப்பனைப் போல இருக்கிறான் என்பதை வசனத்தில் எங்கும் உரைக்காமல், அவன் நடத்தையிலேயே காட்டியிருப்பது இந்தத் திரைக்கதையின் பெரிய பலம்.

விஜய்யின் பாத்திரம் பம்பாய்க் கடத்தல்காரர் ஹாஜி மஸ்தானின் வாழ்க்கையிலிருந்து ஓரளவு எடுக்கப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படுவதுண்டு. மஸ்தான் ராமநாதபுரம் மாவட்டத்துப் பனைக்குளத்தில் பிறந்தவர். பம்பாய்த் துறைமுகத்தில் சுமை தூக்கியவர். இந்திப் படத்தின் நீலச் சட்டைக் கூலிக்குப் பின்னால் இப்படி நம் பக்கத்து மண்ணும் கொஞ்சம் இருக்கிறது. 1981இல் இதே கதை ரஜினிகாந்தும் சுமனும் நடிக்க ‘தீ’ என்ற பெயரில் தமிழுக்கு வந்தது.

அண்ணன் கடத்தலில் பணம் சேர்க்கத் தொடங்கிய பிறகு வரும் ஒரு காட்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவன் ஒரு பெரிய கட்டடத்தை விலைக்கு வாங்குகிறான். கையெழுத்தாகிப் பணமும் கைமாறிய பிறகு, விற்றவரிடம், உங்களுக்கு வியாபாரம் தெரியவில்லை, நீங்கள் இன்னும் பல லட்சம் கூட்டிக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்கிறான். காரணத்தையும் அவனே சொல்கிறான். அந்தக் கட்டடம் எழும்பியபோது அங்கே செங்கல் சுமந்தவள் அவனுடைய தாய். அவளுக்குப் பரிசாகக் கொடுக்கத்தான் அவன் அதை வாங்குகிறான். பச்சன் இந்த வசனத்தைக் குரலை உயர்த்தாமல், எதிரில் இருப்பவரின் அறியாமைக்காக இரங்குவது போலப் பேசுகிறார். வெற்றி பெற்றவனின் பேச்சு போலத்தான் இருக்கிறது. ஆனால் தாய் சுமந்த செங்கல்லைக் கட்டடமாகத் திருப்பிக் கொடுத்தால் அவள் பட்ட அவமானம் தீர்ந்துவிடும் என்று நம்பும் பாலிஷ் போட்ட சிறுவன்தான் அங்கே பேசுகிறான். தாய்க்கு வேண்டியது கட்டடம் அல்ல என்பது அவனுக்குப் புரியவே இல்லை. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி எதற்கும் அவன் போனதில்லை.

தம்பி ரவியை நன்றி கெட்டவன் என்று பேசுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அண்ணன் உழைப்பில் படித்துவிட்டு அண்ணனையே சுட்டான் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ரவி அண்ணன் மீதான வழக்கை உடனே ஏற்றுக்கொள்வதில்லை, தயங்குகிறான். அந்த இடைவெளியில்தான் ரொட்டி திருடிக்கொண்டு ஓடும் ஒரு சிறுவனை அவன் காலில் சுட நேர்கிறது. குற்ற உணர்வோடு சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறான். பையனின் தாய் பொரிந்து தள்ளுகிறாள்: பசிக்கு ரொட்டி எடுத்தவனைச் சுடுகிறீர்கள், பெரிய திருடர்களை விட்டுவிடுகிறீர்கள் என்று. தகப்பன் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏ. கே. ஹங்கல் நடித்திருக்கிறார். சிறியதோ பெரியதோ, திருட்டு திருட்டுதான் என்று அவர் சொல்கிறார். தன் மகன் காலில் குண்டு பாய்ந்திருக்கும்போது ஒரு ஆசிரியர் இப்படிச் சொன்னால், கேட்பவன் என்ன செய்ய முடியும்? ஏழை வீட்டுப் பிள்ளையைச் சுட்ட கை, தன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டலாமா? ரவி அங்கிருந்து நேராகப் போய் வழக்கை ஏற்றுக்கொள்கிறான். அண்ணன் எந்தப் படிப்புக்காகத் தன்னை விற்றுக்கொண்டானோ, அந்தப் படிப்பு தம்பியிடம் வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அது அண்ணனுக்கே எமனாக வந்தது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் துயரம்.

பிறகு வீட்டுக்குள் நடக்கும் மோதல். ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடு என்று ரவி கேட்கிறான். விஜய்யின் பதில் புகழ்பெற்றது. முதலில் என் அப்பாவிடம் கையெழுத்து வாங்கியவனிடம் போய்க் கையெழுத்து வாங்கி வா. என் அம்மாவைத் திட்டி வேலையை விட்டுத் துரத்தியவனிடம் வாங்கி வா. என் கையில் இதை எழுதியவனிடம் வாங்கி வா, அதன் பிறகு நீ சொல்லும் இடத்தில் நான் போடுகிறேன் என்கிறான். மிரட்டி வாங்கிய ஒரு கையெழுத்தில்தான் அந்தக் குடும்பம் சிதறியது. இத்தனை ஆண்டுகள் கழித்து அதே வீட்டில், இந்த முறை தம்பியே காகிதத்தை நீட்டுகிறான். படித்தவனுக்குக் காகிதம் சட்டம். படிக்காதவனுக்கு அது அப்பாவைத் தின்ற பூதம். பிறர் பாவங்களை எண்ணிக் காட்டுவதால் உன் பாவம் குறைந்துவிடாது என்று ரவி சொல்லும் மறுமொழியும் சரியானதே. இருவர் பேசுவதும் நியாயமாக இருக்கும்போதுதான் ஒரு குடும்பச் சண்டை பார்ப்பவரையும் உள்ளே இழுக்கிறது. ரவியாக நடித்த சசி கபூர் அந்த இடத்தில் குரலை அண்ணனுக்கு மேலே போகவிடாமல், அதே சமயம் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்காமல் நிற்கிறார். சிறந்த துணை நடிகருக்கான ஃபிலிம்பேர் விருது அவருக்குக் கிடைத்தது மிகப் பொருத்தம். நிஜத்தில் அவர் பச்சனைவிட நான்கு வயது மூத்தவர்; படத்தில் ஒரு நொடிகூட அது தெரிவதில்லை.

காதல் காட்சிகளும் பாட்டுகளும் எனக்குப் பெரிதாகப் படவில்லை. கதைக்கு அவை தேவைப்படவும் இல்லை. பர்வீன் பாபி நடித்த அனிதாவின் பாத்திரம் மட்டும் விதிவிலக்கு. தன் வயிற்றில் வளரும் குழந்தைக்காக விஜய்யை மாறத் தூண்டுகிறவள் அவள். அவன் சரணடைய முடிவெடுக்கும் நேரத்தில் அவள் கொல்லப்படுகிறாள். அதோடு அவனுக்குத் திரும்பும் வழியும் அடைபடுகிறது.

தாய் சுமித்ராவாக நிரூபா ராய். எந்தப் பிள்ளை மீது அவளுக்கு அதிகப் பாசம் என்பதைப் படம் ஒளிக்கவில்லை. பெரியவன் மீதுதான். இருந்தும், பெரியவனின் பணம் எப்படி வந்தது என்று தெரிந்த அன்றைக்கே அவள் சின்னவனோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறாள். கடைசியில் ரவி துப்பாக்கியோடு கிளம்பும்போது, சுடும் வேளையில் உன் கை நடுங்காமல் இருக்கட்டும் என்று வாழ்த்தி அனுப்புகிறாள். உடனே தானும் கிளம்புகிறாள். ஒரு பெண்ணாகத் தன் கடமை முடிந்தது, இனித் தாயாகத் தன் மகனுக்காகக் காத்திருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போகிறாள். ஒரே மூச்சில் ஒரு மகனை அனுப்பிவைத்து இன்னொரு மகனுக்காகக் காத்திருக்கும் தாயை அதற்கு முன் இந்தியத் திரையில் நான் கண்டதில்லை. பள்ளிக்கு ஒருவனை அனுப்பி இன்னொருவனை வேலைக்கு விட்ட தாயும் இவள்தான். அன்று பணமில்லாமல் செய்த பிரிவை இன்று அவளே தெரிந்து செய்கிறாள்.

படம் தொடங்குவதும் முடிவதும் ஒரு விருது விழாவில். பதக்கம் பெறும் ரவி, இதற்கு உரியவள் என் தாய் என்று சொல்லி அவளை மேடைக்கு அழைக்கிறான். முதலில் பார்க்கும்போது கடமை தவறாத மகனுக்கும் தியாகத் தாய்க்கும் நடக்கும் பாராட்டு விழாவாக அது தோன்றும். முழுக் கதையும் தெரிந்த பிறகு அதே மேடையைப் பார்த்தால், அந்தப் பதக்கத்தில் பங்குள்ள மூன்றாவது ஆள் ஒருவன் இருக்கிறான் என்பது தாய்க்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். ரவி அண்ணனின் பெயரை அங்கே சொல்வதில்லை. அரசு விழாவில் சொல்லவும் முடியாது.

இப்போது இந்தப் படம் இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கிறது. பாலத்தடிக் காட்சி ஒரு துண்டு, ‘இன்று நீ மிகவும் மகிழ்ச்சியாக இருப்பாய்’ என்று கடவுளிடம் விஜய் பேசும் கோயில் காட்சி ஒரு துண்டு. பார்க்கப் போகும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பச்சன் எப்போது வருவார் என்று சிறுவர்கள் பகுதியைத் தள்ளிவிடாதீர்கள். அண்ணன் பாலிஷ் பெட்டியோடும் தம்பி புத்தகத்தோடும் வெவ்வேறு பக்கம் போவதைப் பார்த்த பிறகே பாலத்தடிக்கு வாருங்கள்.