நீள பாபினைத் தேடி: பாட்டியின் சிங்கர் மிஷினுக்கு உதிரிபாகம் சேர்த்த அனுபவம்

குன்னூரில் எங்கள் வீட்டில் பாட்டி பயன்படுத்திய சிங்கர் கைமிஷின் ஒன்று இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அடைமழை பெய்யும் ஊரில் பல ஆண்டுகள் மரப்பெட்டிக்குள்ளேயே கிடந்ததால், சென்ற ஆண்டு அதை வெளியே எடுத்தபோது சக்கரம் அசையவே இல்லை. பழைய எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. எண்ணெய்த் துளைகளில் மூன்று நாட்கள் மண்ணெண்ணெய் விட்டு, துடைத்து, மிஷின் எண்ணெய் இட்டதும் சுழலத் தொடங்கிவிட்டது. பெரிய சிக்கல் ஷட்டிலில், அதாவது கீழ்நூல் சுற்றிய பாபினைத் தாங்கி ஓடும் பாகத்தில், இருந்தது. துரு அரித்து முனை மழுங்கியதால் அது மேல்நூலின் வளையத்தைப் பிடிக்கவில்லை. தையல் விட்டுவிட்டு விழுந்தது. பாபினும் ஒன்றே மிஞ்சியிருந்தது.

நான் செய்த முதல் தவறு, கடைகளில் "சிங்கர் மிஷினுக்குப் பாபின் வேண்டும்" என்று மட்டும் கேட்டது. எல்லோரும் வட்ட பாபினையும் அதற்கான கேஸையும் எடுத்து நீட்டினார்கள். அவர்கள் மீது குறையில்லை. நம் வீடுகளில் உள்ள கறுப்பு மிஷின்களில் பெரும்பாலானவை சிங்கரின் 15ஆம் வகையைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை, அவற்றுக்கு வட்ட பாபின்தான். கோயம்புத்தூருக்கு இறங்கி ஒரு பழைய மெக்கானிக்கிடம் ஷட்டிலைக் காட்டிய பிறகே எனக்கு விளங்கியது. "இது நீட்டு பாபின் மிஷினுங்கம்மா, வட்ட பாபின் சாமான் இதுக்குள்ள சேராதுங்க. பேரைச் சொல்லிக் கேக்காதீங்க, நம்பரைச் சொல்லிக் கேளுங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வீடு திரும்பியதும் மிஷின் எந்த வகை என்று பார்த்தேன். படகு போன்ற ஷட்டில் முன்னும் பின்னுமாக வளைவாக ஆடும் வகைகள் 27, 28, 127, 128 ஆகியவை. இவற்றில் 28உம் 128உம் உருவில் சிறியவை. நூல் சுற்றும் அமைப்பு கீழே, அடித்தளத்தை ஒட்டி இருந்தால் 27 அல்லது 28. மேலே, சக்கரத்தின் பக்கத்தில் இருந்தால் 127 அல்லது 128. எங்களுடையது சிறியது, நூல் சுற்றியும் கீழேயே இருந்தது, ஆகவே 28கே. அந்த 'கே' ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இயங்கி, 1980இல் மூடப்பட்ட கில்போவி தொழிற்சாலையைக் குறிக்கும். இதற்குரிய ஷட்டிலின் எண் 54507, பாபினின் எண் 8228. சிங்கர் நிறுவனம் பல பாகங்களிலேயே எண்ணைப் பொறித்திருப்பதால், துருவைத் துடைத்துவிட்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பது வீண்போகாது.

எண் கிடைத்த பின்னும் முதல் ஷட்டில் ஏமாற்றியது. அசலைப் பார்த்துப் புதிதாகச் செய்து தபாலில் வந்த அந்தப் பிரதியின் விளிம்பில் பிசிறு இருந்ததால் நூல் அறுந்துகொண்டே இருந்தது. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார். எனக்கு மிகவும் வருத்தமாயிற்று. ஜீரோ எமரித் தாளில் (மிக நைசான உப்புத்தாள்) எண்ணெய் தொட்டு விளிம்பை மட்டும் மெல்லத் தேய்த்தேன். முனையைத் தொடவில்லை, ஏனென்றால் முனை குறைந்தால் வளையத்தைப் பிடிக்கும் நேரம் தவறிவிடும். தையல் ஓரளவு சீரானது. பிறகு கழித்துப்போட்ட மிஷினிலிருந்து எடுத்த அசல் ஷட்டில் ஒன்று கிடைத்தது. அதைப் போட்ட அன்றே தையல் ஒரே சீராக விழுந்தது. வாய்ப்பிருந்தால் பழைய அசலையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மற்றவை எளிதாக முடிந்தன. ஊசி சாதாரண வீட்டு மிஷின் ஊசிதான். தட்டைப் பக்கம் ஷட்டிலை நோக்கி இருக்க வேண்டும். நூல் சுற்றியின் ரப்பர் வளையத்துக்குப் பதிலாகக் குழாய்ச் சாமான் கடையில் அளவு பார்த்து ஒன்றை வாங்கி மாட்டினேன். திருகுகளை மட்டும் தொலைத்துவிடக் கூடாது. சிங்கரின் மரைகள் தனி அளவு, இரும்புக்கடைத் திருகு எதுவும் ஏறாது.

தேய்த்துச் சரிசெய்த அந்தப் பிரதி ஷட்டிலை எண்ணெய்த் துணியில் சுற்றி, நான்கு பாபின்களுடன் தகர டப்பாவில் போட்டு, அடுத்த மழைக்காலத்துக்காக அடுப்பங்கரை அலமாரியில் வைத்திருக்கிறேன்.