காட்பாடியில் மூன்று இரவு

காட்பாடி ஜங்ஷனில் இறங்கியபோது மணி ஒன்பதுதான். வெயில் அதற்குள் உச்சிக்கு வந்துவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் வேலூருக்கு யாராவது யாத்திரை போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். மே மாதம் மாதா வணக்க மாதம், 13ஆம் தேதி புனித மரிய மசரெல்லோ திருநாள், அத்தையும் பல வருடமாகக் கூப்பிடுகிறார். வேறென்ன வேண்டும்?

அத்தை அப்பாவின் அக்கா. 71 வயது. சலேசிய சகோதரிகள் சபையில் சேர்ந்தபோது நான் பிறக்கவே இல்லை. கேட்டில் நின்றபடி, "இங்க எல்லாருக்கும் நான் சிஸ்டர். உனக்கு மட்டும்தான் அத்தை" என்று பையை வாங்கிக்கொண்டார்.

இத்தாலியில் மொர்னேசே என்ற கிராமத்தில் 1872இல், சலேசிய சபையை நிறுவிய குரு தொன் போஸ்கோவோடு சேர்ந்து மசரெல்லோ தொடங்கிய சபை இது. அவர் விவசாயக் குடும்பத்துப் பெண். 1860இல் டைபஸ் காய்ச்சல் கண்ட உறவினர்களைப் பார்த்துக்கொள்ளப் போய், தானும் விழுந்தார். எழுந்தபோது வயல்வேலைக்கு உடம்பில் தெம்பில்லை. அதனால் தையல் கற்றார், ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். அந்தச் சபையின் சகோதரிகள் 1922இல் தஞ்சாவூருக்கு வந்தார்கள். இங்கே காந்தி நகரில் ஆக்சிலியம் கல்லூரி 1954இல் தொடங்கியது. அத்தை இருப்பது அதுபோலப் பெரிய வளாகத்தில் இல்லை, ஐந்து பேர் மட்டும் வாழும் சின்ன மடம். வேலையும் தையல் வகுப்புதான். ஒவ்வொரு தையலும் கடவுள்மேல் வைத்த அன்பாக இருக்கட்டும் என்பாராம் மசரெல்லோ. "பிசிறு வந்தா பிரிச்சுத் திரும்பப் போடணும், அதுவும் அன்புதான்" என்றார் அத்தை.

விடியுமுன்னே மணி அடித்தது. சிற்றாலயத்தில் அரை மணி நேரம் தியானம், பிறகு திருப்புகழ்மாலை என்ற பொதுச் செபம். பைபிளின் திருப்பாடல்களை இரண்டு பக்கமாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்கிறார்கள். ஒரு மலையாளச் சிஸ்டரின் 'ழ' எங்கள் எல்லாருடையதையும்விடச் சுத்தம். அத்தைக்கு மூட்டுவலி, மின்விசிறிக் காற்று ஆகாது. பக்கத்தில் இருப்பவருக்கோ காற்று இல்லாமல் முடியாது. விசிறி இரண்டில் சுற்றியது, அத்தை முழங்காலில் துண்டைப் போட்டுக்கொண்டார். யாரும் யாரையும் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கூடி வாழவில்லை, மாற்றல் உத்தரவு கொண்டுவந்து சேர்த்த ஐந்து பேர். எனக்கு அந்தத் துண்டைத் தாண்டித் தியானம் போகவில்லை.

திருநாள் திருப்பலிக்கு விண்ணேற்பு அன்னை பேராலயத்துக்குப் போனோம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பதில் அத்தைக்குத் தனி சந்தோஷம், கணக்கு எழுதும் வேலை மிச்சம். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்வதில்லை என்று துறவிகள் கொடுக்கும் ஏழ்மை வார்த்தைப்பாட்டின் அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது. சம்பளம் யாருக்கு வந்தாலும் பொதுப் பணப்பெட்டிக்குப் போகும். ஆட்டோவுக்கு வாங்கின பணத்தில் மிச்சம் பத்து ரூபாய் என்றாலும் திரும்ப வைத்து எழுத வேண்டும். இந்த வயதில் கைநீட்டி வாங்குவது கஷ்டமில்லையா என்று கேட்டுவிட்டேன். "முதல் வருஷம் அழுதேன்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

மதியம் சீரக சம்பா பிரியாணியும் எண்ணெய்க் கத்திரிக்காயும். ஆம்பூர் பக்கத்தில்தானே இருக்கிறது!

மறுநாள் ஆரணி வழியாகச் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலுக்கும் போய் வந்தோம். பிரெஞ்சு மிஷனரி தாராஸ் சுவாமியின் ஊர் அது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இரவு செபம் முடிந்ததும் 'குட்நைட்' என்று ஒன்று உண்டு. தொன் போஸ்கோவின் அம்மா மார்கரீத்தா, தங்க இடம் கேட்டு வந்த அநாதைப் பையனிடம் தூங்குமுன் நாலு நல்ல வார்த்தை சொன்னாராம். அதிலிருந்து வந்த வழக்கம். மடத்தின் தலைவியான மதர் இரண்டே நிமிடம் பேசினார். வாசலில் தண்ணீர் கேட்ட கிழவரைப் பற்றித்தான். அப்புறம் காலைவரை மௌனம்.

கடைசி நாளுக்கு முந்தின இரவு அத்தையின் கையில் ஐந்நூறு ரூபாயைத் திணித்து, "இது உங்களுக்கு மட்டும்" என்றேன். வாங்கிக்கொண்டார். காலையில் பார்த்தால் நோட்டு மதரின் மேசையில் இருந்தது. மதியம் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு நிறைய பங்கனப்பள்ளி. "என் மருமகள் வாங்கிக் கொடுத்தது" என்று அத்தை எல்லாருக்கும் பங்கு வைத்தார். எனக்கு இரண்டு துண்டு வந்தது.