தீப்பெட்டி, மருந்து ஸ்டாம்புகளில் காகித வகையைக் கண்டுபிடிப்பது

அமெரிக்காவில் 1862 முதல் 1883 வரை தீப்பெட்டி, பேடன்ட் மருந்து (கம்பெனிகள் தங்கள் பெயரில் தயாரித்து விற்ற மருந்து), வாசனைத் திரவியம், சீட்டுக்கட்டு ஆகியவற்றின் மேல் வரி ஸ்டாம்ப் ஒட்டித்தான் விற்க வேண்டும். அச்சுத் தகட்டைத் தன் செலவில் செய்து தந்த கம்பெனிக்குத் தன் பெயர் போட்ட ஸ்டாம்பும் கிடைத்தது, மொத்தமாக வாங்கினால் தள்ளுபடியும் கிடைத்தது. பல கம்பெனிகள் அதே தகட்டைக் கடைசிவரை வைத்திருந்தன; காகிதம்தான் மாறிக்கொண்டே போனது. ஸ்டாம்ப் சேகரிப்பவர்கள் விலை பார்க்கும் ஸ்காட் பட்டியலில் ஒரே ஸ்டாம்புக்கு நாலைந்து விலை இருப்பது இதனால்தான்.

வரிசை இது: 1871 வரை பழைய காகிதம், 1877 வரை பட்டிழைக் காகிதம், 1877–78இல் இளஞ்சிவப்புக் காகிதம், அதன்பின் வாட்டர்மார்க் (காகிதத்துக்குள்ளேயே பதிந்த குறி) உள்ள காகிதம். சோதனையை இந்த வரிசையில் செய்யாதீர்கள். ஈரம் தேவைப்படாதவற்றை முதலில் முடித்துவிட வேண்டும்: பட்டிழை, நிறம், கடைசியில் வாட்டர்மார்க். மூன்றிலும் அகப்படாததுதான் பழைய காகிதம்.

பட்டிழைக்கு 10 மடங்கு லென்ஸ் போதும். ஸ்டாம்பின் பின்புறத்தைப் பாருங்கள். முன்புறத்தில் அச்சுக்கோடுகள் இழையை மறைத்துவிடும். சிவப்பு, நீலம், கறுப்பு நிறங்களில் சிறு இழைகள் காகிதத்துக்குள் புதைந்து கிடக்கும். ஏமாற்றுவது துணிப் பிசிறு. பழைய ஆல்பங்களில் இருந்து வந்த ஸ்டாம்பில் அது கட்டாயம் இருக்கும். மென்மையான தூரிகையால் தட்டினால் பிசிறு நகரும். பசையில் ஒட்டியிருந்தாலும், சாய்வான வெளிச்சத்தில் காகிதத்துக்கு மேலே நிற்பது தெரியும். நிஜப் பட்டிழை ஓரிடத்தில் மேலே தெரிந்து, அடுத்த இடத்தில் நாருக்குள் மறையும்.

இழை ஒன்றிரண்டு மட்டும், அதுவும் பொடியாக இருந்தால்? அங்கேதான் சிக்கல். 1871க்கு முன்பே சோதனைக்காக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இழை தூவிய காகிதத்திலும் கொஞ்சம் அச்சிட்டிருக்கிறார்கள். ஸ்காட் பட்டியலில் இதற்கு 'e' என்ற தனி ஆங்கில எழுத்து. தீப்பெட்டி ஸ்டாம்ப் சிறியது என்பதால் சாதாரணப் பட்டிழைக் காகிதத்திலும் இழை குறைவாக விழுந்திருக்கலாம். சந்தேகம் வந்தால் விலை குறைந்த வகை என்றே எழுதி வைப்பது என் வழக்கம்.

தடிமனை நம்பி முடிவெடுப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். பழைய காகிதம் ஆரம்பத்தில் மெல்லியதாக, விறைப்பாக இருந்தது. பிறகு தடித்து மென்மையானது. ஆகவே மென்மையாக இருப்பதால் மட்டும் அது பட்டிழைக் காகிதம் ஆகிவிடாது.

இளஞ்சிவப்பு வெளுத்தும் இருக்கும், அழுத்தமாகவும் இருக்கும். பகல் வெளிச்சத்தில், வெள்ளை அட்டைமேல் கவிழ்த்துவைத்துப் பாருங்கள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாக் காகிதமும் கொஞ்சம் சிவக்கும். மருந்து ஸ்டாம்பில் சீசா மருந்தின் கறை, பழைய பசையின் பழுப்பு இரண்டும் குழப்பும். கறை திட்டுத்திட்டாக இருக்கும். காகிதத்தின் சொந்த நிறம் பின்புறம் முழுதும் சீராக, துளைப் பற்களின் நுனிவரை வந்திருக்கும். பாதி வெளுத்த இளஞ்சிவப்பைப் பழைய காகிதம் என்று விற்பதும் உண்டு.

வாட்டர்மார்க் என்பது அமெரிக்க உள்நாட்டு வருவாய்த் துறையைக் குறிக்கும் நான்கு எழுத்துகள்: யூ, எஸ், ஐ, ஆர். ஒவ்வொன்றும் இரட்டைக் கோட்டில் இருக்கும். ஒரு ஸ்டாம்பில் முழு எழுத்து விழும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஒரு வளைவோ இரண்டு இணைகோடுகளோதான் கிடைக்கும். பின்புறம் ஒட்டியிருக்கும் ஹிஞ்ச் துண்டு (ஆல்பத்தில் ஸ்டாம்பைப் பொருத்த ஒட்டும் சிறு காகிதம்) அதையும் மறைத்துவிடும் என்பதால், அதை முதலில் நீக்குங்கள். பிறகு கறுப்புத் தட்டில் ஸ்டாம்பைக் கவிழ்த்து, வாட்டர்மார்க் திரவம் சில சொட்டு விடுங்கள். நனைந்த கணத்தில் ஒரு தடவை, காயும்போது இன்னொரு தடவை கவனியுங்கள். காயும்போதுதான் கோடு தெளிவதும் உண்டு. தண்ணீர் வேண்டாம், சில மைகள் கரைந்துவிடும். திரவம் தீப்பிடிக்கும் வகையாக இருக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

காகிதம் உரிந்து மெலிந்த இடமும் திரவத்தில் வாட்டர்மார்க் போலவே கறுத்துத் தெரியும். இந்த ஸ்டாம்புகள் பெட்டியைத் திறக்கும்போது கிழியும்படி ஒட்டப்பட்டவை, பிறகு உரித்தெடுக்கப்பட்டவை. மெலிவு இல்லாதது அபூர்வம். மெலிவுக்கு ஓரம் ஒழுங்காக இருக்காது. வாட்டர்மார்க் கோட்டுக்கு அகலம் மாறாது, பக்கத்திலேயே இணைக்கோடு ஓடும்.

ஸ்டாம்பில் தேதி முத்திரை இருந்தால் அதையும் பாருங்கள். 1869 என்று முத்திரை விழுந்ததை இளஞ்சிவப்பு என்றோ வாட்டர்மார்க் என்றோ ஒருவர் விற்றால், அதற்கு மேல் சோதனை தேவையில்லை. தேதி பிந்தியதாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது. பழைய இருப்பைப் பின்னாளில் ஒட்டியிருக்கலாம்.