எட்டு முழத்தில் ஓர் ஓரம்

தேர்தல் நெருங்குவது எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாளைவிட முன்னதாகத் தெரிந்துவிடும். தறியில் நீளவாக்கில் ஓடும் வேட்டிப் பாவின் இரண்டு ஓரத்துக்கும் கறுப்பு நூலும் சிவப்பு நூலும் வந்து இறங்கும். ஈரோட்டுப் பக்கம் ஒரு சிற்றூரில் அப்பாவுக்குக் குழியில் கால் வைத்து மிதிக்கும் குழித்தறி. பள்ளி விட்டு வந்ததும் ராட்டையில் குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவது என் வேலை. எந்தக் கட்சி வேட்டியானாலும் ஊடை, அந்தக் குறுக்கு நூல், வெள்ளைதான். கரையில் பாவு நெருக்கமாக ஓடுவதால் வெள்ளை உள்ளே அடங்கி, நிறம் மேலே நிற்கும். அப்பா எல்லாக் கட்சிக்கும் நெய்தார். அவர் கட்டியது எந்தக் கட்சியையும் சேராத மயில்கண் கரை மட்டுமே.

கரை வேட்டியின் பின்னால் பெரிய கதை இருக்கிறது. 1953இல் கைத்தறித் துணி தேங்கி நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தபோது, காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா திருச்சித் தெருக்களில் துணியைச் சுமந்து விற்றார். அன்றைய முதல்வர் ராஜாஜியும் வேட்டி, சேலை நெசவைக் கைத்தறிக்கே விட்டுவிட வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டார். எதிரெதிர் அணியில் நின்ற இருவரும் ஒரே தறிக்காகப் பேசினார்கள். பிறகு அலுவலகங்களுக்குக் கால்சட்டை வந்துவிட்டது. வேட்டியைக் கல்யாண வீடும் அரசியல் மேடையும்தான் காப்பாற்றின என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியைச் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அதற்கென்று ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. சட்டமன்றத்தில் இருந்தவர்களில் பலரும் வேட்டி கட்டியவர்களாக இல்லாதிருந்தால் அவ்வளவு வேகம் இருந்திருக்காது.

1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பொங்கலுக்கு விலையில்லா வேட்டி சேலைத் திட்டம் வந்தது. ஏழைக்கு உடுப்பு, நெசவாளிக்கு வேலை. "இலவசம்" என்று முகம் சுளிப்பவர்களிடம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நூல் கொடுக்காத மாதம் எங்கள் வீட்டில் எப்படி விடிந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் திட்டம் கைத்தறிக்கு மட்டும் இல்லை, விசைத்தறிக்கும் சேர்த்துத்தான். கோடிக்கணக்கில் வேட்டி வேண்டும், அதுவும் தை பிறப்பதற்குள் வேண்டும். அப்பா மிதித்து மிதித்து நாளெல்லாம் நெய்ததை, பக்கத்துத் தெருவில் நான்கு விசைத்தறிகளைத் தனியாகப் பார்த்துக்கொண்ட பையன் காலைப் பொழுதுக்குள் முடித்துவிடுவான். கரை போட்ட வேட்டி கைத்தறிக்கே உரியது என்று 1985 சட்டம் சொல்கிறது. ஆனால் விசைத்தறிச் சத்தம் மட்டும் தெருத் தெருவாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூலி உயரவில்லை. அண்ணன் பின்னலாடை வேலைக்குத் திருப்பூர் பஸ் ஏறினான்.

ஒரு பொங்கலுக்கு ரேஷன் கடையில் எங்களுக்கும் ஒரு வேட்டி கிடைத்தது. அப்பா அதைத் திண்ணையில் விரித்து, ஓரத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, விரல் நகத்தால் இழைகளை எண்ணினார். அம்மா என்ன என்று கேட்டாள்.

"நூல் நல்ல நூல்தான்" என்றார். மடித்து, அண்ணன் வந்தால் கொடுக்கச் சொல்லி அவளிடம் நீட்டினார்.