சமூக உளவியல் தாளுக்கு நான் படித்த விதம்

தருமபுரியில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் உளவியல் முதுகலை முடித்தேன். அடுத்து எழுதப் போகிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது சமூக உளவியல் தாளைப் பற்றித்தான். "பேரும் வருஷமும் மனசுல நிக்கலக்கா" என்பார்கள். ஒவ்வொரு ஆய்வையும் படிக்கும்போது ஒரு கேள்வியை விடாமல் கேட்டு வாருங்கள், பெயரெல்லாம் பின்னாலேயே வந்துவிடும்: சூழலில் எந்த ஒன்றை மாற்றினார்கள், அதனால் மனிதர்கள் எப்படி மாறினார்கள்?

சாலமன் ஆஷின் 1951 ஆய்வை எடுத்துக்கொள்வோம். காட்டிய கோட்டின் நீளத்துக்குச் சமமான கோடு மூன்றில் எது என்று சொல்ல வேண்டும். தனியாகச் செய்தால் நூற்றில் ஒரு தவறுகூட வராத வேலை. ஆனால் கூட இருந்த ஆய்வாளரின் ஆட்கள் எல்லாரும் ஒரே குரலில் தவறான கோட்டைச் சொன்னபோது, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பதில்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன. பலரும் விடையை இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னாலும் இந்தச் சாய்வு பெருமளவு குறைந்துவிடுகிறது. ஆய்வின் உயிரே அதில்தான் இருக்கிறது.

இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கலாம் என்று ஒரு வீட்டில் பேச்சு எழுகிறது. சித்தப்பாவுக்கு உள்ளுக்குள் சம்மதம் இல்லை. பெரியவர்கள் எல்லாரும் தலையாட்டுவதால் அவரும் ஆட்டுகிறார். தாய்மாமன் ஒருத்தர் மட்டும் "பிள்ளையை கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரியில சேர்த்துவிடலாம்" என்று வாயைத் திறக்கட்டும், அதுவரை பேசாமல் இருந்த சித்தப்பாவுக்கும் குரல் வந்துவிடும். இந்தப் பாடம் எனக்கு மதிப்பெண்ணைவிடப் பெரிதாகத் தெரிந்தது இதனால்தான். விடையில் எழுதும்போது இதை உங்கள் சொந்த உதாரணம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், ஆய்வு முடிவோடு கலக்கக் கூடாது.

ஆஷையும் முசாஃபர் ஷெரிஃபையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ஷெரிஃபின் 1935 ஆய்வில் இருட்டறையில் ஓர் ஒளிப்புள்ளி. அது அசையாது, ஆனால் அசைவதுபோல் தெரியும். எவ்வளவு அசைந்தது என்று யாருக்கும் நிச்சயமில்லை, அதனால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஒரு அளவுக்கு வந்து சேர்ந்தார்கள். பட்டுக்கூடு ஏலத்துக்கு முதல்முறை வருகிறவர் மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்த்துத் தன் விலையை முடிவு செய்வது இந்த வகை. விடை தெரிந்தும் கூட்டத்துக்காக மாற்றிச் சொல்வது ஆஷ் வகை.

மில்கிராமுக்கும் இதே கேள்விதான். 1963-இல் வெளியான அவர் ஆய்வில், அடுத்த அறையில் இருப்பவர் தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சியைக் கூட்டிக் கொடுக்கும்படி ஆய்வாளர் கட்டளையிடுவார் (அதிர்ச்சி உண்மையில் போலி). 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். சரி, இது எல்லாருக்கும் தெரியும். அடுத்த அறையில் இருந்தவரைக் கண்ணெதிரே உட்கார வைத்தபோதும், கட்டளை தொலைபேசியில் வந்தபோதும் கீழ்ப்படிதல் குறைந்தது. இந்த மாறுபாடுகளை எழுதினால்தான் சூழலின் வேலை புரிந்திருக்கிறது என்று திருத்துபவருக்குத் தெரியும். மாணவர்களைக் காவலர், கைதி என்று பிரித்து நடிக்க வைத்த 1971-இன் ஸ்டான்ஃபோர்டு சிறை ஆய்வை எழுதினால் அதன்மீது எழுந்த விமர்சனங்களையும் சேர்த்து எழுதுங்கள். காவலர்களாக நடித்தவர்களுக்கு எப்படி நடந்துகொள்வது என்று முன்பே குறிப்பு கொடுக்கப்பட்டது என்பது அதில் முக்கியமானது.

டார்லியும் லட்டானேயும் 1968-இல் செய்த ஆய்வில், வலிப்பு வந்தவரின் குரலைத் தான் மட்டுமே கேட்பதாக நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவி தேடினார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தபோது அது 31 சதவீதம். தருமபுரி பஸ் ஸ்டாண்டில் யாராவது மயங்கி விழுந்தால் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்தாதீர்கள். "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108-க்குப் போன் பண்ணுங்க" என்று ஒருவரைக் குறித்துச் சொல்லுங்கள். பொறுப்பு பலர்மேல் சிதறுவதால்தான் எல்லாரும் நிற்கிறார்கள்.

கடைசியாக, காரணம் கற்பிப்பதில் வரும் அடிப்படைப் பிழை. லீ ராஸ் 1977-இல் வைத்த பெயர் இது. அடுத்தவர் செய்கைக்கு அவர் குணத்தையே காரணம் காட்டி, சூழலை விட்டுவிடுவோம். விடியும் முன்பே எழுந்து பாலக்கோடு பக்கம் தக்காளிப் பெட்டி ஏற்றிவிட்டு வருகிற பையன் வகுப்பில் தூங்கினால் அவனைச் சோம்பேறி என்கிறோம். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான் என்று யாரும் கேட்பதில்லை, அது எனக்கு இன்றும் வருத்தம். இந்தத் தலைப்போடு ஜோன் மில்லரின் 1984 ஆய்வைக் கட்டாயம் சேருங்கள். அமெரிக்கர்களையும் மைசூர் இந்துக்களையும் ஒப்பிட்டார். சிறு பிள்ளைகளிடம் வித்தியாசம் அதிகமில்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தையும் மைசூர்க்காரர்கள் சூழலையும் அதிகமாகக் காரணம் காட்டினார்கள். பண்பாட்டைப் பற்றி எந்தக் கேள்வி வந்தாலும் இந்த ஆய்வு கைகொடுக்கும்.